பரணில் கிடந்த ஷூ பெட்டி: பழைய ஸ்போர்ட்ஸ் கார்டுகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய பேஸ்பால் கார்டுகளைப் பற்றி நாலு வரி எழுதி, உங்கள் வீட்டுப் பரணிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "இது எவ்வளவு போகும்?" என்ற ஒரே கேள்விதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு விலையைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

கேள்வி: ஓஹாயோவில் போன மாதம் ஒரு பழைய வீடு வாங்கினோம். இன்சுலேஷன் போட வந்தவர் பரணின் மூலையிலிருந்து ஒரு ஷூ பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகள், ஒரு நூறு இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறது. எனக்கு பேஸ்பாலில் அ, ஆ கூடத் தெரியாது. கணவர் துடைத்துச் சுத்தம் செய்து இணையத்தில் விற்கப் போட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, கொலம்பஸ்)

பதில்: துடைக்க வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஈரத்துணி, டிஷ்யூ, அழிரப்பர் எதுவும் அந்தக் கார்டுகள் பக்கமே போகக் கூடாது. மேலே படிந்த தூசியால் விலை பெரிதாகக் குறையாது, துடைத்த தடத்தால் குறையும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தேய்த்த இடம் பளிச்சென்று தெரிந்துவிடும், தரம் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ரப்பர் பேண்டையும் பிடித்து இழுக்காதீர்கள். பழைய ரப்பர் காய்ந்து அட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் மேல் கார்டின் விளிம்பில் காகிதம் பெயர்ந்து வரும். கத்தரிக்கோல் கார்டில் படாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள், ஒட்டிய துண்டு ஒட்டியபடியே இருக்கட்டும். அதற்கும் முன்னால் பெட்டியை, மூடியை, அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளை, கார்டுகள் அடுக்கியிருக்கும் வரிசையை, முடிந்தால் பரணில் பெட்டி இருந்த மூலையையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்டு எங்கே, யாரிடம், எப்படி இருந்தது என்ற கதைக்கு வாங்குபவர்களிடம் தனி மதிப்பு உண்டு, அந்தக் கதைக்குச் சாட்சி பெட்டியும் செய்தித்தாளும்தான்.

அப்புறம் உடனே பரணிலிருந்து இறக்குங்கள். கோடையில் அடுப்பாய்க் கொதித்து, குளிர்காலத்தில் உறைகிற இடம் அது. அதற்காக பேஸ்மென்ட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம், அங்கே ஈரம். நீங்கள் புழங்குகிற அறையிலேயே ஓர் அலமாரித் தட்டு போதும். கார்டுக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அதற்குமேல் போடுகிற விறைப்பான உறையும் சல்லிசாகக் கிடைக்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே இறக்குங்கள்.

இப்போது அளவுகோல் எடுங்கள். சின்னச் சின்ன அட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். சுமார் 3.7 செ.மீ. அகலம், 6.7 செ.மீ. உயரம் இருந்தால் அவை 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த டி206 வரிசையாக இருக்கலாம். (டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு, ஈ என்றால் பழைய மிட்டாய்க் கார்டு, ஆர் என்றால் அதற்குப் பிந்தைய பபிள்கம் கார்டு, என் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. இந்தக் குறிகளைப் போட்டுப் பட்டியல் தயாரித்தவர் ஜெஃபர்சன் பர்டிக். தன்னிடம் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத்தாள்களையும் அட்டைகளையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு 1963-ல் இறந்தார். இந்த மனிதருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.)

கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பின்னால் சிகரெட் பிராண்டின் விளம்பரம் இருக்கும். பீட்மான்ட், ஸ்வீட் காப்ரல் என்றிருந்தால் அதிகம் கிடைப்பவை. அதே வீரர், அதே படம், பின்னால் அபூர்வமான பிராண்ட் என்றால் விலை பல மடங்கு ஏறும். 2016-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு குடும்பம் தங்கள் கொள்ளுப் பாட்டன் வீட்டைக் காலி செய்தபோது, தரையில் கிடந்த கசங்கிய காகிதப் பை ஒன்றைக் குப்பையில் போடப் போய், கடைசி நிமிஷத்தில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே அந்தக் காலத்துப் பெரிய பேஸ்பால் வீரர் டை காப்பின் கார்டுகள் ஏழு, ஏழிலும் பின்பக்கத்தில் டை காப் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரம். அதுவரை உலகத்தில் அப்படிப்பட்டவை சுமார் பதினைந்துதான் தெரிந்திருந்தன. ஏழும் சேர்ந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டார்கள்.

நீங்கள் ஓஹாயோவில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். அதே மாநிலத்தில் டிஃபயன்ஸ் என்ற ஊரில் 2012-ல் ஒரு பரணிலிருந்து ஏறத்தாழ 700 கார்டுகள் கிடைத்தன. தாத்தா அந்தக் காலத்தில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர், 1910 வாக்கில் விளம்பரத்துக்கு வந்தவற்றில் மிஞ்சியதைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். நூறு வருஷம் யாரும் தொடவில்லை, அதனால் புதிதாய் அச்சடித்தது மாதிரி இருந்தன. ஈ98 என்ற அந்த வரிசையில் மொத்தமே 30 கார்டுதான். பேரப்பிள்ளைகள் இருபது பேர், சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டாமல் சிறுகச் சிறுக ஏலத்துக்கு விட்டார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பெரிய மரியாதை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அது உங்கள் பெட்டிதானா? வீட்டோடு விட்டுச்சென்ற பொருள் வாங்கியவருக்கே என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், சிலவற்றில் இருக்காது, சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், சந்தேகமென்றால் வீடு முடித்துக்கொடுத்த வக்கீலிடம் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் விற்றவர்களுக்கு ஒரு போன் போடுங்கள் என்பேன். அந்தக் கார்டுகளைச் சேர்த்த பையனின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கேள்வி: சனி ஞாயிறு எஸ்டேட் சேல்களுக்கு (ஒரு வீட்டைக் காலி செய்யும்போது உள்ளே இருக்கும் பொருள்களை அங்கேயே விற்பது) போவது எனக்கும் என் மச்சானுக்கும் பழக்கமாகிவிட்டது. இதுவரை கார்டு எதுவும் மாட்டவில்லை. எங்கே தேட வேண்டும்? இன்னொன்று, வீட்டுக்காரர்களுக்கு மதிப்புத் தெரியாத பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குவது தப்பா? இதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. (நியூஜெர்சி வாசகர்)

பதில்: கார்டு என்று எழுதி மேஜைமேல் வைத்திருப்பதை உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் வாங்கியிருப்பார். மீதியெல்லாம் வேறு பொருளுக்குள்தான் இருக்கும். புத்தகத்துக்குள் அடையாளமாக, சுருட்டுப் பெட்டியில் பட்டன்களோடு, தையல் டப்பாவில், இழுப்பறையின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே, பள்ளிக்கூட ஆண்டு மலரின் நடுப்பக்கத்தில். வீட்டில் வளர்ந்த பையன் எந்த வருஷம் பத்து வயதாக இருந்தான் என்று ஒரு கணக்குப் போடுங்கள். சுவரில் இருக்கும் குடும்பப் போட்டோவே அதைச் சொல்லிவிடும். 1952-ல் பத்து வயது என்றால் அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், டாப்ஸ் என்ற கம்பெனியின் அந்த வருஷத்துக் கார்டுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கார்டு மட்டுமே கண் என்று அலையாதீர்கள். ஆட்ட நிகழ்ச்சிநிரல், ஸ்கோர் எழுதிய தாள், முக்கோணக் கொடி, சட்டையில் குத்துகிற பட்டன், அணியின் குழுப் படம், வீரர் எழுதிய கடிதம், எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. டிக்கெட் துண்டை எல்லோரும் குப்பை என்று நினைத்தார்கள், அதனாலேயே மிஞ்சியது குறைவு. கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினாரே, அந்த ஆட்டத்தின் டிக்கெட் துண்டு 2022 பிப்ரவரியில் 4,80,000 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் மைக்கேல் ஜோர்டனின் முதல் ஆட்டத்துக்கான, 1984 அக்டோபர் 26-ம் தேதியிட்ட, கிழிக்காத முழு டிக்கெட் ஒன்று 4,68,000 டாலர். அதை வைத்திருந்தவர் அன்றைக்குக் கல்லூரி முதலாண்டு மாணவர். கூட வருவதற்கு ஆள் கிடைக்கவில்லை, இரண்டாவது டிக்கெட் வீணாகிவிட்டது, அதைப் பத்திரமாக எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பொதுவில் விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள், நீங்கள் அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் அதில் தப்பில்லை, தேடி அலைந்ததும் படித்து வைத்ததும் உங்கள் உழைப்பு. ஆனால் ஒரு வயதான அம்மா உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, இது எவ்வளவு பெறும்?" என்று கேட்கிற நொடியில் நிலைமை மாறிவிடுகிறது. அவர் உங்களை நம்பிக் கேட்கிறார். தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள், அதற்குப் பிறகு வாங்குவதாக இருந்தால் நியாயமான விலைக்கு வாங்குங்கள். பாதி வியாபாரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புருஷனை இழந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் பொய் சொல்லி வாங்கிய கார்டை எப்படி ஆசையோடு எடுத்துப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: என்னிடம் 1987-லிருந்து 1993 வரை சேர்த்த கார்டுகள் ஏழெட்டுப் பெட்டி இருக்கின்றன. பத்திரமாக வைத்தால் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று அப்போது சொன்னார்கள். ஆகுமா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: ஆகாது. எல்லோரும் உங்களைப் போலவே பத்திரமாக வைத்தார்கள், கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. அதனால் அவை அபூர்வமாகவும் இல்லை, தேய்ந்து எண்ணிக்கை குறையவும் இல்லை. ஆனாலும் மொத்தமாக எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டி, பின்னாளில் நட்சத்திரமான பேஸ்பால் வீரர்கள் மூவரின் ஆரம்பக் கார்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பர் டெக் கம்பெனியின் 1989 வரிசையில் முதல் கார்டு, கென் கிரிஃபி ஜூனியர். அதே கம்பெனியின் 1993 எஸ்.பி. வரிசையில் டெரெக் ஜீட்டர். 1990 டாப்ஸ் 414-ம் எண், ஃப்ராங்க் தாமஸ். அதில் முன்பக்கம் அவர் பெயரே அச்சாகாமல் விட்டுப்போன பிரதி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். மீதியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள், கார்டை விரித்துப் போட்டு விளையாடட்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது என் மகனுக்கு ஒரு பழைய பேஸ்பால் பந்தைக் கொடுத்தார். அதில் அந்தக் காலத்துப் பெரிய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் பெயரில் கையெழுத்து இருக்கிறது. உண்மையாக இருக்குமா? எங்கே காட்டுவது? (ஒரு வாசகி, சிகாகோ)

பதில்: எங்கேயும் காட்டுவதற்கு முன்னால் நீங்களே பாதி வேலையை முடிக்கலாம், பந்து தன் வயதைத் தானே சொல்லும். தையலுக்கு நடுவில் அச்சடித்த சின்ன எழுத்துகளைப் பாருங்கள். அமெரிக்க பேஸ்பாலில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு பெரிய லீக்குகள் உண்டு, அவற்றின் ஆட்டங்களுக்கான அதிகாரபூர்வப் பந்தில் அப்போதைய லீக் தலைவரின் பெயர் இருக்கும். அமெரிக்கன் லீக்கில் வில் ஹாரிட்ஜ் என்றால் 1931-லிருந்து 1959-க்குள், ஜோ க்ரோனின் என்றால் 1959-க்குப் பிறகு. நேஷனல் லீக்கில் ஃபோர்ட் ஃப்ரிக் என்றால் 1934 முதல் 1951 வரை, வாரன் கைல்ஸ் என்றால் அதற்குப் பிறகு. பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. க்ரோனின் பெயரோ கைல்ஸ் பெயரோ போட்ட பந்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது, கதை அங்கேயே முடிந்தது.

பந்து அதைத் தாண்டிவிட்டால் மையைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 கடைசியில்தான். ரூத்தின் பெரும்பாலான கையெழுத்துகள் மைப்பேனாவில் போட்டவை. மார்க்கர் பேனாவில் போட்ட மாதிரி தடிமனாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மைப்பேனாக் கோடு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும், தோலின் நுண்துளைகளில் மை இறங்கியிருக்கும். கோடு முழுக்க ஒரே அடர்த்தியில் தட்டையாக இருந்தால், நினைவுப் பொருளாக விற்ற பந்தில் முத்திரை குத்திய கையெழுத்தாக இருக்கலாம். அந்தக் காலத்தில் இப்படிப் பந்துகள் ஏராளமாக விற்றன. அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்துகளில் நட்சத்திர வீரருக்குப் பதிலாக உடைமாற்றும் அறையில் வேலை பார்த்த பையன் போட்டுக்கொடுத்ததும் நிறைய உண்டு. அவர்கள் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை, வீரருக்கு நேரமில்லாததால் செய்தார்கள்.

ஏமாற்றுவதற்கென்றே செய்தவர்களும் இருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு பெரிய விசாரணை நடத்தியது, போலிக் கையெழுத்துக் கும்பல்கள் கூண்டோடு பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்து கூட அதில் அகப்பட்டது. ஆகவே கூடவே ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அந்தச் சான்றிதழைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்று சரிபார்ப்பு நிறுவனங்களில் ஒன்றின் சான்று இருந்தால் பெரிய ஏல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும்.

பந்து மஞ்சள் கலந்த பழுப்பாகப் பளபளக்கிறதா? அந்தக் காலத்தில் கையெழுத்து அழியக்கூடாது என்று வார்னிஷ் மாதிரி ஷெல்லாக் பூசிவிடுவார்கள், நாளாக ஆக அது நிறம் மாறிவிடும். அதைச் சுரண்டாதீர்கள். மங்கிய கையெழுத்தின்மேல் பேனாவால் எழுதிப் புதுப்பிக்கவும் கூடாது. வெயில் படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் முதியோர் இல்லத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பந்து உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். போலி என்று தெரியவந்தாலும் அந்தப் பதிவு உங்கள் மகனிடம் இருக்கும்.

கேள்வி: டொரான்டோவில் 80-களில் என் மாமனார் ஒரு சின்னக் கடை நடத்தினார். கடையை மூடியபோது விற்காமல் மிஞ்சிய ஐஸ் ஹாக்கிக் கார்டுப் பெட்டிகள் இரண்டு அப்படியே பிரிக்காமல் இருக்கின்றன. பிள்ளைகள் பிரித்துப் பார்க்கத் துடிக்கிறார்கள். பிரிக்கலாமா? (ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெட்டியில் எந்த வருஷம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓ-பீ-சீ என்ற கார்டுக் கம்பெனியின் 1985 வரிசையில் ஹாக்கி நட்சத்திரம் மாரியோ லெமியூவும், 1986-ல் இன்னொரு நட்சத்திரமான பாட்ரிக் ராய்யும் முதல்முறையாக வருகிறார்கள், அந்தப் பெட்டிகள் பிரிக்காமல் இருப்பது பெரிய விஷயம். 1990-ஐ ஒட்டிய பெட்டி என்றால் சந்தோஷமாகப் பிரித்துக் கொண்டாடுங்கள், அவை நாடு முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன.

பிரிக்காத பெட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாத வரைக்கும் எல்லாம் இருக்கலாம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ரெஜைனா நகரத்து வீடு ஒன்றில் 1979-80 ஓ-பீ-சீ ஹாக்கிக் கார்டுகள் ஒரு முழுப் பெரிய பெட்டியாகக் கிடைத்தன. 16 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பாக்கெட், ஒவ்வொரு பாக்கெட்டிலும் 14 கார்டு, ஆக 10,752. ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் வேன் கிரெட்ஸ்கியின் முதல் கார்டு வந்த வரிசை அது. 2024 பிப்ரவரியில் 37 லட்சத்து 20 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

மேலே சுற்றிய பிளாஸ்டிக்கை எடுக்காதீர்கள், விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் எடுக்காதீர்கள். பழைய மெழுகுத்தாள் பாக்கெட்டை இளஞ்சூட்டில் பிரித்து, நல்ல கார்டை உருவிவிட்டு, மறுபடி ஒட்டி விற்கிற திருட்டு இந்தச் சந்தையில் நிறைய நடப்பதால், உங்கள் மாமனார் கடையிலிருந்தே வந்தது என்பதற்கான எந்தக் காகிதமும் உதவும். மொத்த வியாபாரியின் பழைய பில், கடையின் கணக்குப் புத்தகம், கடை வாசலில் அவர் நிற்கிற போட்டோ, எது கிடைத்தாலும் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: என் நண்பர் எல்லாக் கார்டையும் கிரேடிங்குக்கு (அசல்தானா என்று பார்த்து, நிலைக்கேற்பத் தர எண் போடும் நிறுவனத்துக்கு) அனுப்பு என்கிறார். தேவையா? அதை நம்பலாமா? (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பல கார்டுகளுக்குச் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் கதைதான். விலையுயர்ந்தது என்று உறுதியாகத் தெரிகிறவற்றுக்கும், அசல்தானா என்று சந்தேகம் வரும்படி அதிகமாகப் போலி அடித்தவற்றுக்கும் மட்டும் அனுப்புங்கள். ஃப்ளீர் கம்பெனியின் 1986 கூடைப்பந்து வரிசையில் 57-ம் எண், மைக்கேல் ஜோர்டன் கார்டு, அப்படிப்பட்டது. அதன் போலிகள் எங்கும் இருக்கின்றன.

நம்பலாமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கியபோது முதன்முதலில் தரம் போட்ட கார்டே டி206 வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டுதான், அந்த வருஷம் மேலே சொன்ன ஹாக்கி வீரர் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கிய பிரதி. பத்துக்கு எட்டாம் தரம் கிடைத்தது. அவ்வளவு கூர்மையான ஓரம் எப்படி வந்தது என்று வருஷக்கணக்காகப் பேச்சு ஓடியது. கடைசியில் 2013-ல், அதை முன்பு கைமாற்றிய ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்போதும் அந்தக் கார்டின் மவுசு குறையவில்லை, அதுவே அதன் கதையாகிவிட்டது. ஆனால் சாதாரணக் கார்டில் வெட்டு தெரிந்தால் தரம் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில சொல்கிறேன். அளவு: 1952 டாப்ஸ் அசல் கார்டு பின்னாளில் வந்தவற்றைவிடப் பெரியது, அகலம் இரண்டரை அங்குலத்துக்கு மேல், உயரம் மூன்றே முக்கால். 1983-ல் வந்த மறுபதிப்பு இரண்டரைக்கு மூன்றரை. மை: பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் அசலில் கறுப்பு எழுத்தும் கட்டமும் இடைவெளியில்லாமல் ஒரே மையாக இருக்கும், நகலெடுத்ததில் புள்ளி புள்ளியாகப் பிரியும். வெளிச்சம்: இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாக வந்தது, 1910 கார்டு நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1910 இல்லை.

1952 டாப்ஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வரிசையின் 311-ம் எண்தான் பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மான்டில். வருஷக் கடைசியில் தாமதமாக வெளிவந்த பகுதி, கடைகள் வாங்கவில்லை, கிடங்கில் தேங்கியது. இடத்தை அடைக்கிறது என்று 1960-ல் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டியதை, கார்டை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போகாமல் தப்பிய ஒரு குவியல் 1986 வாக்கில் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தது, ஆயிரக்கணக்கில், கை படாத நிலையில். வியாபாரி ஆலன் ரோசன் அதை வாங்கினார். அதில் ஒரு மான்டில் 1991-ல் 50,000 டாலருக்கு விற்றது. அதே கார்டு 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலர்.

கேள்வி: என் மனைவியின் சித்தப்பா இங்கிலாந்தில் விட்டுச்சென்ற பொருள்களில் சிகரெட் அட்டை ஆல்பம் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் வீரர்கள், பிராட்மன் கூட இருக்கிறார். அட்டைகள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்தால் பிரியும் என்று படித்தேன். (லெஸ்டர் வாசகர்)

பதில்: ஊற வைக்காதீர்கள். 1930-களில் ஜான் பிளேயர் கம்பெனி வெளியிட்ட வரிசைகள் பலவற்றில் அட்டையின் பின்னால் பசை தடவியே வந்தது, ஆல்பமும் அவர்களே விற்றார்கள், ஒட்டுவதற்கென்றே செய்தவை அவை. லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள், ஆகவே பிராட்மன் இருந்தும் ஆல்பத்துக்குப் பெரிய தொகை வராது. பிரித்து விற்க நினைத்துக் கெடுப்பதைவிட முழு ஆல்பமாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. போர் வந்து காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1940-ல் பிரிட்டனில் இந்த அட்டைகள் நின்றுபோயின. 1896-ல் வில்ஸ் கம்பெனி வெளியிட்ட 50 கிரிக்கெட் வீரர் வரிசையிலிருந்து ஏதாவது தனியாகச் செருகியிருந்தால் அது வேறு கதை, எழுதுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவருடைய கார்டுகளை விற்கலாம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறோம். வியாபாரிக்குக் கொடுப்பதா, ஏலத்துக்கா? வரி உண்டா? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: வியாபாரி அன்றைக்கே பணம் தருவார், அவருக்கு லாபம் வைத்துத்தான் தருவார். ஏலத்தில் மாதங்கள் ஆகும், கமிஷன் உண்டு, ஆனால் நல்ல பொருளுக்கு நல்ல விலை வரும். விலை குறைந்தவற்றை மொத்தமாக வியாபாரிக்கும், பெரியவற்றை ஏலத்துக்கும் பிரித்துக் கொடுப்பவர்கள் அதிகம். எதைச் செய்தாலும், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்காமல் கை நீட்டாதீர்கள். முதலில் வந்து பார்ப்பவர் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போக விடாதீர்கள்.

அமெரிக்க வரியில், பரம்பரையாக வந்த பொருளுக்கு அப்பா வாங்கிய விலையைக் கணக்கில் எடுப்பதில்லை, பொதுவாக அவர் இறந்த நாளின் சந்தை மதிப்புதான் அடிப்படை. அதற்கு மேல் வந்த லாபத்துக்குத்தான் வரி, சேகரிப்புப் பொருள் என்பதால் அதிகபட்சம் 28 சதவீதம் வரை போகலாம். அதனால் விற்பதற்கு அவசரப்படாவிட்டாலும் மதிப்பீட்டை இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த மதிப்பீட்டு நகலும் ஒவ்வொரு கார்டின் முன்பக்க, பின்பக்கப் போட்டோவும் மூன்று பேரிடமும் இருக்கட்டும், பின்னால் மனஸ்தாபம் வராது. விற்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கார்டை விலை பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா அடிக்கடி எடுத்துப் பார்த்தது எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.